மலைமேற் பொய்கையும் எளிய வழியும்

மலையைப் பற்றி எழுதுவோருள்ளும் பேசுவோருள்ளும் ஒருசாரார்க்கு ஒரு கொள்கை உண்டு. உடல் வருந்தி, மூச்சு முட்டி, உயிரையும் ஓரளவு பணயம் வைத்து அடைந்த இடமே அழகுடையது; பாட்டியும் பேரனும் கைகோத்து நடந்து சேரக்கூடிய இடம் எத்துணை உயரத்தில் இருப்பினும் மலையென்று மதிக்கத்தக்கதன்று என்பது அக்கொள்கை. எம் விடுதியிலும் இக்கொள்கையினர் உளர். அவருள் ஒருவர், சென்ற ஆண்டு விடுமுறையில் சுவிற்சர்லாந்து நாட்டில் யான் சென்றுவந்த மலைநடையைப் பற்றிக் கேட்டுவிட்டு, 'ஓகோ, கிழவிகள் போகும் வழியா?' என்று ஒரு வார்த்தையில் அதனைத் தள்ளிவிட்டார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கிழவிகள் போகும் வழிதான் அது. அவர் அதனை இகழ்ச்சியாகச் சொன்னார். யான் அதனைப் புகழ்ச்சியாகவே ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டதற்குரிய காரணங்களை ஈண்டு எழுதலுற்றேன்.

முதற்கண் அவ்விடம் யாதென்பதைச் சொல்லுதல் வேண்டும். பேர்ண் மாநிலத்தின் தென்பகுதியிலே, உயர்மலைகளின் அடியில், கிறிண்டெல்வால்ட் என்னும் சிற்றூர் உளது. கடல் மட்டத்திலிருந்து 1,034 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அவ்வூரினின்று கேபிள் கார் எனப்படும் வடவூர்தியில் ஏறியமர்ந்தால், இருபத்தைந்து நிமிடத்தில், ஏறத்தாழ 2,170 மீற்றர் உயரமுள்ள பிர்ஸ்ற் என்னும் முகட்டை அடையலாம். பிர்ஸ்ற் என்பது கூரையின் முகட்டைக் குறிக்கும் செருமானியச் சொல்லாம். அங்கிருந்து மேற்றிசை நோக்கி அகன்ற மண்வழியொன்று செல்கின்றது. தொடக்கத்தில் சிறிது ஏற்றம். பின்னர்ப் பெரும்பாலும் சமதளம். மூன்று கிலோமீற்றர் தூரம். ஏற்றம் எல்லாம் சேர்ந்தும் நூறு மீற்றரைச் சிறிதே கடக்கும். அவ்வழியின் முடிவிலே, 2,265 மீற்றர் உயரத்தில், பாக்கல்ப்ஸே என்னும் நீர்நிலை கிடக்கின்றது. உண்மையில் அஃது ஒன்றன்று, இரண்டு. இயற்கையே இட்ட ஒரு மண்திட்டு இடையே நிற்ப, சிறியது பெரியதனினும் ஆறு மீற்றர் தாழ்ந்து கிடக்கின்றது. காற்றில்லாத காலைப்பொழுதில் பெரிய நீர்நிலையின் கரையில் நின்று கிழக்கும் தெற்கும் நோக்குவார்க்கு, 3,692 மீற்றர் உயரமுள்ள வெற்றர்ஹோர்ண் சிகரமும், 4,078 மீற்றர் உயரமுள்ள ஷிறெக்ஹோர்ண் சிகரமும், அவற்றின் பின்னே 4,274 மீற்றர் உயரமுள்ள பின்ஸ்ரெறார்ஹோர்ண் சிகரமும் ஒருங்கே தோன்றும். தலைகீழாய் நீரிலும் தோன்றும்.

பாக்கல்ப்ஸே என்ற பெயரில் மூன்று சொற்கள் உள. 'பாக்' என்பது ஓடை; 'அல்ப்' என்பது கோடையில் கால்நடை மேயும் மலைநிலம்; 'ஸே' என்பது ஏரி. இம்மூன்றாவது சொல்லைத் தமிழ்ப்படுத்தும்போது எனக்குச் சிறிது தயக்கம் உண்டாயிற்று. ஏரியெனின் கரைகட்டி உழவுக்கு நீர் தேக்கியது என்ற எண்ணம் நம்மனோர்க்கு முன்வந்து நிற்கும். சுனையெனின் பாறையிடுக்கிற் சுரக்கும் சிறுநீர். இதுவோ கரைசுற்றி நடக்க நெடுநேரம் செல்லும் பரப்புடையது. மக்கள் ஆக்காத நீர்நிலைக்குப் பொய்கையென்று உரையாசிரியர் பொருள்கூறுவர். ஆகவே பொய்கையென்றே கொண்டேன். தமிழ் பயில்வார்க்கு மலையின்மேல் நின்றும் இத்தகைய கவலையே வருமென்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும்.

இனி வழக்கிற்கு வருவேன். உயர்மலைப் பொய்கைகள் எக்காலத்தும் எல்லார்க்கும் திறந்திருந்தன என்று எண்ணுதல் பிழை. அதே நாட்டில் லூசேர்ண் நகரின் அருகே பிலாத்து மலை என்று ஒரு மலை உண்டு. நம் ஆண்டவரைத் தீர்ப்பிட்ட பொந்தியு பிலாத்துவின் உடல், தைபர் ஆற்றில் எறியப்பட்டபோது ஆறு கொந்தளித்ததென்றும், உரோன் ஆற்றில் எறியப்பட்டபோதும் அவ்வாறே நிகழ்ந்ததென்றும், ஈற்றில் அம்மலைமேலுள்ள ஒரு சிறு பொய்கையிற் கொண்டுபோய்ப் போடப்பட்டதென்றும் இடைக்கால மக்கள் நம்பினர். அப்பொய்கையிற் கல்லெறிந்தால் ஆவி வெகுண்டெழும், புயல் கிளம்பும், நகரம் வெள்ளத்தில் அழியும் என்பது அவர்தம் அச்சம். ஆதலின் நகர மன்றத்தார் அங்குச் செல்லுதலையே தடைசெய்தனர். 1387-ஆம் ஆண்டில் அத்தடையை மீறி மலையேற முயன்ற குருமார் அறுவர் சிறையிலிடப்பட்டனர். 1555-இல் கொன்றாட் கெஸ்னர் என்னும் இயற்கைநூற் புலவர் மன்றத்தாரின் இசைவு பெற்றே ஏறினார். 1585-இல் லூசேர்ண் நகரக் குருவாகிய யோகான் முல்லர், ஒரு கூட்டத்தோடு சென்று, பொய்கையிற் கற்களை எறிந்து, ஆவியைக் கூவியழைத்துப் பார்த்தார். யாதும் நிகழவில்லை. பின்னரும் மக்கள் அச்சம் நீங்கவேண்டுமென்று 1594-இல் அதன் கரையை வெட்டி நீரை வடித்தேவிட்டனர். பொய்கை செய்த குற்றம் என்னையோ!

அச்சம் இட்ட வேலி இவ்வாறு நீங்க, செருக்கு வேறொரு வேலியை இட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டுச் செல்வர் பலர் அம்மலைகளை நாடிச் சென்று, ஏறாத சிகரங்களை ஏறிப் புகழடைந்தனர். அவருள் ஒருவராகிய லெஸ்லி ஸ்ரீபன் என்பார் 1861-இல் ஷிறெக்ஹோர்ண் சிகரத்தை முதன்முதல் ஏறியவர். 1871-இல் அம்மலைகளை 'ஐரோப்பாவின் விளையாட்டிடம்' என்று பெயரிட்டு ஒரு நூலும் வெளியிட்டார். இவரையொத்தவர்களை ரஸ்கின் என்னும் அறிஞர் கடிந்து, இவர்கள் கோயிலனைய மலையை விளையாட்டுக் கழியாக்கினர் என்ற கருத்துப்பட 1865-இல் எழுதியிருந்தார். சிகரமேறுவோரோ, ஊர்தியில் வந்து வேடிக்கை பார்ப்போரை இகழ்ந்தனர். வேடிக்கை பார்ப்போர் தமக்குப் பின் வந்தோரை இகழ்ந்தனர். ஒவ்வொருவரும் தாம் உள்ளே புகுந்தபின் கதவைச் சாத்திவிட விரும்பினமை இவ்வரலாற்றிற் காணப்படும் ஒரு வேடிக்கை. எம் விடுதி நண்பரும் இவ்வரிசையில் நிற்பவரே.

மற்றொன்று. எளிய வழி என்பது இந்நூற்றாண்டின் சோம்பலாற் பிறந்ததன்று. பொருளுடையார்க்கு அஃது என்றும் இருந்தது. பாக்கல்ப்ஸேயினும் உயரத்தில், 2,681 மீற்றர் உயரமுள்ள பவுல்ஹோர்ண் சிகரத்தில், 1830-களிலேயே ஒரு விடுதி கட்டப்பட்டது. அதற்குச் சென்ற சீமாட்டிகள் எல்லாரும் கால்நடையாகவா சென்றனர்? குதிரைமேற் சென்றனர், நாற்காலியில் அமர்ந்து, அவ்வூர் ஏழைகளின் தோள்மீது சென்றோரும் உளர். அக்காலத்து மலைவழிகளில் நாற்காலி சுமத்தல் ஒரு தொழிலாகவே இருந்தது. 1871-இல் றீகி மலைக்கு ஐரோப்பாவின் முதல் மலைப் புகைவண்டி ஓடத் தொடங்கியபின்னரே அம்மலையில் அத்தொழில் நலிந்தது. ஒருவன் தோளில் ஏறி மற்றொருவன் மலையழகு காண்பதினும், இருவரும் ஓர் இரும்பு வடத்தில் தொங்கிச் செல்வது நன்றென்பதே என் அபிப்பிராயம். இவ்வடவூர்திக்குக் கட்டணம் சிறிதன்று என்பதையும் மறைத்தல் ஒல்லாது. ஒரு குடும்பம் ஏறியிறங்கும் செலவு அந்நாட்டுத் தொழிலாளர்க்கும் எண்ணிப் பார்க்கவேண்டிய தொகையே. ஆனால் வடவூர்தி விலைகொடுத்து வாங்குவது. வழியோ விலையின்றிக் கிடப்பது. கீழிருந்தே நடந்து ஏறுவாரை எவரும் தடுப்பதில்லை.

தடுப்பதில்லை என்பதும் தற்செயலாக அமைந்ததன்று. 1907-இல் இயற்றப்பட்டு 1912 முதல் நடைமுறையிலுள்ள சுவிற்சர்லாந்துக் குடியியற் சட்டம், காட்டினுள்ளும் மேய்ச்சல் நிலத்தினுள்ளும் ஊர்வழக்கிற்கு இயைய எவரும் செல்லலாம் என்று 699-ஆம் பிரிவில் விதித்தது. நிலம் பிறருடையதாயிருக்கலாம், நடக்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. பாக்கல்ப்ஸேயைச் சூழ்ந்த நிலமும் தனியொருவர்க்கு உரியதன்று. கிறிண்டெல்வால்ட் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் மலைகள் ஏழு கூட்டுரிமைக் குழுக்களுக்கு உரியன. அவற்றின் ஒழுங்குகள் 1404-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் அமைந்தன. கீழே பள்ளத்தாக்கில் ஒருவனுக்கு உள்ள நிலத்தோடு மேலே அவனுக்குரிய மேய்ச்சலுரிமை பிணைக்கப்பட்டுள்ளமையால், பணம் படைத்தோன் ஒருவன் எங்கிருந்தோ நூறு பசுக்களை ஓட்டிவந்து புல்லையெல்லாம் மேய்த்துவிடல் இயலாது. அறுநூறு ஆண்டுகட்குப் பின்னும் அங்கே புல் இருத்தலுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன. மலைக்கணவாய்ச் சாலைகளிற் புழுதியும் இரைச்சலும் பெருகி, நடப்போர்க்கு ஒதுங்க இடமில்லாமற் போயிற்று. மாணாக்கரை அழைத்துக்கொண்டு மலைச் சுற்றுலாச் செல்லும் வழக்கமுடைய பள்ளியாசிரியர் ஒருவர்க்கு இது பொறுக்கவில்லை. யோகான் யாக்கோபு எஸ் என்னும் அவரும், ஒட்டோ பிண்டர் என்பவரும் முன்னின்று, 1934-இல் நடைவழிகளைப் பேணுதற்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். நாடெங்கும் ஒரே நிறத்தில், மஞ்சட் பலகையில், கைகாட்டிகள் எழுந்தன. அப்பலகைகளில் தூரம் எழுதுவதில்லை. செல்லும் நேரமே எழுதப்படும். மலையில் ஒரு கிலோமீற்றர் என்பது யாதொரு செய்தியையும் தெரிவியாது என்பதை அறிந்தோர் செய்த ஏற்பாடு அது. 1979-ஆம் ஆண்டில் நாட்டு மக்கள் வாக்களித்து, நடைவழிகளைப் பேணும் கடமையை அரசியலமைப்பிலேயே சேர்த்தனர். 1985-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒரு வழியை அழிக்க நேருமாயின் அதற்கு ஈடான வழியை அமைத்துத் தருதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. அந்நாட்டில் இன்று அடையாளமிடப்பட்ட நடைவழி ஏறக்குறைய 65,000 கிலோமீற்றர். குருமார் அறுவர் பொய்கையை நோக்கி நடந்தமைக்குச் சிறைசென்ற நாட்டிலே, பொய்கைக்கு நடக்க வழி செய்தல் அரசின் கடமையென்று ஆயிற்று. எவரும் ஏறாத சிகரத்தில் ஒருவர் கொடி நாட்டியதனினும் இதனையே யான் பெரிய செய்தியாகக் கருதுகின்றேன்.

இவ்வளவும் நூல்வழி அறிந்தவை. கண்ணாற் கண்டதும் ஒன்று உண்டு. 1983-க்குப் பின் நம்மவர் பல்லாயிரவர் அகதிகளாய் அந்நாட்டை அடைந்தனர் என்பதும், இன்று ஏறத்தாழ ஐம்பதினாயிரம் தமிழர் அங்கு வாழ்கின்றனர் என்பதும் யாவரும் அறிந்ததே. தொடக்கக் காலத்தில் அவருட் பெரும்பாலார்க்குக் கிடைத்த வேலை உணவுச்சாலைகளிற் பாத்திரம் கழுவுதலும் சமையலறையில் உதவுதலுமாம். என் மாமாவும் அவ்வாறே சென்றவர். மலையடிவாரத்து ஊரொன்றில், உணவுச்சாலையின் பின்கட்டில், ஆண்டுகள் பல கழித்தவர். சமையலறைச் சாளரத்தில் வெண்சிகரம் தெரியுமாம். விடுமுறை நாளில் உறக்கமே அவர்க்கு மலையேற்றமாயிற்று.

அவரைக் காண அம்மம்மாவும் யானும் சென்றிருந்தபோது, மாமியும் பிள்ளைகளும் வற்புறுத்தியதனாலேயே இப்பயணம் அமைந்தது. அம்மம்மாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்காலில் நோவும் உண்டு. 'அம்மா, உங்களால் ஏலாது' என்றார் மாமா. 'போய்ப் பாப்பம், ஏலாட்டி இருந்திட்டு வருவம்' என்று அம்மம்மா சேலையை இடுப்பிற் செருகிக்கொண்டு முன்னே நடந்துவிட்டார். ஐம்பது நிமிடம் என்று கைகாட்டி சொல்லிற்று. அஃது ஓய்வு நேரத்தைச் சேர்த்துக் கணக்கிடுவதன்று. அந்நாட்டார் காலைக்கொண்டு கணக்கிட்டது போலும். எமக்கு இரண்டு மணிக்கூறு சென்றது. இடையிடையே கற்பலகைகளும் மர இருக்கைகளும் இருந்தன. கழுத்தில் மணி கட்டிய பசுக்கள் வழியோரத்தே படுத்து அசைபோட்டன. அவற்றின் மடியைக் கண்டு அம்மம்மா நின்ற நேரம், சிகரங்களைக் கண்டு நின்ற நேரத்தினும் மிகுதி. குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பதியர் எம்மைக் கடந்து சென்றனர். ஊன்றுகோலுடன் ஒரு முதியவர் எமக்குப் பின்னே வந்தார். கரையின் ஈரநிலத்தில் வெண்பஞ்சு சுமந்த புற்கள் காற்றில் ஆடின.

அம்மம்மா செருப்பைக் கழற்றி நீரில் ஒரு கால் வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். கோடையின் நடுவிலும் அந்நீர் எலும்பைத் தைக்கும் குளிருடையது. பிறகு கல்லொன்றில் அமர்ந்து, நெடுநேரம் நோக்கியிருந்து, மாமாவைப் பார்த்து, 'இவ்வளவு காலமும் இதைப் பாராமலோ இருந்தனீ?' என்றார். மாமா உடனே விடை சொல்லவில்லை. 'இது எங்களுக்கெண்டு நினைக்கேல்லை அம்மா' என்றார் பின்னர்.

கட்டணமும் கால்நோவும் ஒருபுறமிருக்க, இவ்வெண்ணமே மிக உயர்ந்த வேலி என்பதை அன்றே யான் உணர்ந்தேன். கற்பாறை ஏறிக் கைகால் சிராய்த்து அடையவேண்டிய வழியாயிருப்பின், மாமா என்றும் சென்றிரார். அம்மம்மா சென்றிருத்தலும் கூடாது. 'கிழவிகள் போகும் வழி' என்பதன் பொருள் எனக்கு இதுவே.

எளிமையென்றதனால் மலை தன் குணத்தை விட்டுவிட்டதென்று கொள்ளற்க. நண்பகலில் நீலமாயிருந்த வானம் பிற்பகலில் இடிமுழங்கும். மரமொன்றும் இல்லாத அவ்வெளியில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. கன்றோடு நிற்கும் பசு, நாய் கொண்டுவருவோரை முட்டித்தள்ளுதல் உண்டு. அதற்கென எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கின்றனர். சூன் மாதத்திலும் வழியிற் பனி கிடத்தல் கூடும். மாலையில் இறுதி வடவூர்தி புறப்படும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. அதனைத் தவறவிட்டோர் ஆயிரத்து நூறு மீற்றர் இறங்கி நடத்தல் வேண்டும். முழங்கால் நோவுடையார்க்கு ஏற்றத்தினும் இறக்கமே கொடிது. குடும்பத்தோடு செல்வோர், குடும்பத்துள் மெலிந்தவர் யாரோ அவர் காலைக்கொண்டே நேரத்தைக் கணக்கிடுக.

எளிமைக்கு எல்லை வேண்டாவோ என்று நண்பர் கேட்பின், வேண்டும் என்பேன். பிர்ஸ்ற் முகட்டில் இக்காலத்தே பாறைவிளிம்பைச் சுற்றி இரும்பு நடைபாலம் அமைத்துள்ளனர். கம்பியில் தொங்கிப் பறப்பதற்கும், சிறு வண்டியிற் சறுக்கி இறங்குவதற்கும் ஏற்பாடுகள் உள. அவற்றில் ஏறக் காத்துநின்ற இளைஞர் கூட்டம் பெரிது. அவருட் பலர் பொய்கைப்பக்கம் திரும்பவும் இல்லை. மலையைக் காணச் செய்யும் எளிமையும் மலையை மறக்கச் செய்யும் எளிமையும் வேறு. முகட்டோடு வடம் நின்றுவிட்டது நன்று. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் காலுக்கு விடப்பட்டுள்ளது; அம்மூன்று கிலோமீற்றரில் இரைச்சல் முழுதும் பின்தங்கிவிடுகின்றது. பொய்கைக் கரைவரைக்கும் வடத்தை நீட்டவேண்டும் என்று எவரேனும் சொல்வாராயின், அன்று யான் எம் விடுதி நண்பர் பக்கம் சேர்ந்துகொள்வேன்.

அப்பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தே மற்றொரு நீர்நிலையின் வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் கிறிண்டெல்வால்ட் ஊரின் அருகுவரை இறங்கிக் கிடந்த கீழ்ப் பனியாறு, இன்று மலையிடுக்கினுள் நெடுந்தொலைவு பின்வாங்கிவிட்டது. அஃது உருகியதனாலே அதன்மீது ஓர் ஏரி தோன்றி, 2008-இல் உடைப்பெடுத்து வெள்ளமாய்ப் பாய்ந்தது. அதன்பின் மலையைக் குடைந்து சுரங்கவாய்க்கால் அமைத்து நீரை வடியவிட்டனர். 1850-ஆம் ஆண்டளவிலிருந்து பனியாறுகள் பின்வாங்கிய இடங்களில் சுவிற்சர்லாந்தில் ஏறத்தாழ 1,200 புதிய ஏரிகள் தோன்றின என்று அந்நாட்டு நீரியல் ஆய்வாளர் 2021-இல் கணக்கிட்டு வெளியிட்டனர். அவற்றுள் ஆயிரத்தளவின இன்றும் உள. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டுப் பனியாறுகள் தம் பரிமாணத்திற் பத்திலொரு பங்கை இழந்தன. பாக்கல்ப்ஸேயின் நீரில் தலைகீழாய்த் தோன்றும் அவ்வெண்மை, மாமாவின் இளைய மகள் அம்மம்மாவின் வயதை அடையும்போது எவ்வளவு எஞ்சியிருக்குமோ! அவள் அன்று அதைப்பற்றிக் கவலையுறவில்லை. சிறிய பொய்கைக்கும் பெரிய பொய்கைக்கும் இடையிலுள்ள திட்டின்மேல் ஓடி, ஒன்று ஏன் தாழ்ந்திருக்கின்றது என்று தமிழும் செருமானியமும் கலந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எம் நண்பர்க்கும் அங்கு ஓர் இடம் உண்டு. பொய்கையின் மேற்புறத்திலிருந்து பவுல்ஹோர்ண் சிகரத்திற்கு வழி செங்குத்தாய் ஏறுகின்றது. நானூறு மீற்றருக்கு மேல் ஏற்றம். அவர் அதில் ஏறிக்கொண்டிருக்கும்போது கீழே கரையில் அமர்ந்து சோறுண்போர் அவர்க்குச் சிறு புள்ளிகளாய்த் தெரிவர். கையசைத்தால் அவர்களும் அசைப்பார்கள்.